நிமிர்ந்து இங்கே பாருங்கள்

ஜனவரி 14

அன்புள்ள அத்தானுக்கு,

"இனிமே உன் குரல் என் காதுல விழக்கூடாது" என்றுதான் வேனில் வரும்போது சொன்னீர்கள். என் கையெழுத்து கண்ணில் படக்கூடாது என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில் நுழைந்துதான் இந்தக் கடிதம் வருகிறது.

என் அக்காவை நீங்களும் உங்கள் தங்கையை நானும் கட்டிக்கொண்டதில் ஒரு வசதி, இரண்டு வீட்டிலும் ஒற்றர்கள் உண்டு. ஏரியிலிருந்து திரும்பிய நாள் முதல் நீங்கள் யாரோடும் பேசாமல் தொலைநோக்கியைத் துடைத்துத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னாள். இங்கே நிலவரம் இன்னும் மோசம். உங்கள் தங்கை என் முன்னால் தட்டை வைக்கிற சத்தத்திலேயே அண்ணன் பாசம் கேட்கிறது. மகள் என்னைக் கண்டால் இரண்டு முறை கைதட்டிவிட்டு ஓடுகிறாள். காலேஜ் போகிற பெண்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்தில்கூட அதற்கு இடம் உண்டு.

முப்பது வருஷமாகப் பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டுமே எடுக்கிறவன் நான். எட்டடிக்குப் பத்தடி ஸ்டூடியோ, ஒரு ஸ்டூல், பின்னால் வெள்ளைத் திரை, ஆணியில் தொங்கும் ஒரு சீப்பு. மனிதர்களுக்குத் தோளுக்குக் கீழே உடம்பு உண்டு என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு ஞாபகம் வரும். ஸ்டூலில் உட்கார்ந்ததும் எல்லாரும் ஒரே காரியம்தான் செய்வார்கள், குனிந்து சட்டைப் பொத்தானைப் பார்ப்பார்கள். நான் இரண்டு முறை கைதட்டி, "நிமிர்ந்து இங்க பாருங்க" என்பேன். நிமிர்கிற நொடியில் அழுத்துவேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. இதைச் செய்வது நான் இல்லை அத்தான், என் கை.

இப்படிப்பட்டவனிடம்தான், பத்தொன்பது வருஷமாக யாரையும் தொடவிடாத உங்கள் நீள லென்ஸை இந்த வருஷம் கொடுத்தீர்கள். என் ஸ்டூடியோ காமிராவில் நீங்களே பொருத்தினீர்கள். "அந்தப் பூநாரை நொண்டி நடக்குது பாரு, அத விட்டு லென்ஸ எடுக்காத. நான் வளையத்துல நம்பர படிச்சுட்டு விரலத் தூக்குவேன், அப்ப அழுத்து" என்றீர்கள். அவ்வளவுதான் என் வேலை. ஒரு குரங்குக்குக்கூடப் பழக்கிவிடலாம்.

மூன்றாம் நாள் காலை, பறவை பார்க்கிற மரக்குடிலுக்குள் நாம் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். எதிரே மூவாயிரம் பூநாரைகள். நடுவில் உங்கள் நானூற்றுப் பதினேழு. குஞ்சாக இருந்தபோது நீங்கள் கையில் பிடித்துக்கொள்ள, கணக்கெடுப்புக் குழு வலது காலில் மஞ்சள் வளையம் மாட்டிய அதே பறவை. அக்கா அதைச் சக்களத்தி என்றே சொல்வாள். உங்கள் விரலுக்காகக் காத்திருக்கிறேன். பத்து நிமிஷம் ஆகிறது. விரல் எழவில்லை. ஏன் எழவில்லை என்று காமிரா வழியாகப் பார்க்கிறேன். மூவாயிரமும் தலையைக் கவிழ்த்துத் தண்ணீரில் வைத்திருக்கிறது. ஒரு முகம் தெரியவில்லை. ஓ, இதற்காகத்தான் அத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு என் கை தட்டியது. வாய், "நிமிர்ந்து இங்க பாருங்க" என்றது. மூவாயிரமும் நிமிர்ந்தன என்பதை மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நிமிர்ந்த கையோடு கிளம்பிவிட்டன, அது வேறு விஷயம்.

ஏரியே இளஞ்சிவப்பாக எழுந்து போனதை அக்கா வாயைப் பிளந்து பார்த்தாள். பார்க்காதவர் நீங்கள் ஒருவர்தான். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மைத்துனன்


ஜனவரி 21

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அக்கா சத்தமாகப் படித்தாள். சிரித்துக்கொண்டே படித்தாள் என்பதையும் குறித்து வைக்கிறேன்.

மூவாயிரம் இல்லை. முந்தைய நாள் எண்ணிக்கை இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. அந்தப் பறவை ஆணா பெண்ணா என்பது இன்றுவரை தெரியாது. ஆகவே சக்களத்தி என்பதும் ஆதாரம் இல்லாத பேச்சு.

நீ மன்னிப்புக் கேட்டிருப்பதாக உன் அக்கா சொல்கிறாள். எங்கே என்று இரண்டு முறை படிக்கச் சொன்னேன். எனக்கு அகப்படவில்லை.

உனக்கு இது வேடிக்கையாக இருப்பதால் விஷயத்தைச் சொல்கிறேன். கணக்கெடுப்புக் குழுவின் பதிவேட்டில் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. தொடர்ந்து மூன்று குளிர்காலம் எண் தெரியும் ஆதாரம் வராவிட்டால் 'காணவில்லை' என்று எழுதி அந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள். மூடியதைத் திறக்கமாட்டார்கள். முதல் வருஷம் எனக்கு முட்டி அறுவை. இரண்டாம் வருஷம் ஏரி வறண்டு கிடந்தது. இது மூன்றாவது. பிப்ரவரி 28 கடைசி நாள். உன் கைதட்டலுக்குப் பிறகு கூட்டம் வேறு நீர்நிலைக்குப் போய்விட்டது, திரும்பவில்லை என்று ஏரிக் காவலாளி சொல்கிறார்.

வளையம் தண்ணீருக்குள் இருந்தது. பறவை கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டடி வைத்திருந்தால் வெளியே வந்திருக்கும். இரண்டடி.

அது உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிவது வேறு, காட்டுவது வேறு.

இனி எழுத வேண்டாம். என் தங்கையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அத்தான்


ஜனவரி 29

அன்புள்ள அத்தானுக்கு,

மன்னித்துவிடுங்கள். இந்த முறை முதல் வரியிலேயே வைத்துவிட்டேன், அக்கா தேட வேண்டாம்.

எழுத வேண்டாம் என்றீர்கள். ஆனால் கையில் இருக்கிற செய்தியை வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தால் எனக்கு வயிறு வெடித்துவிடும்.

ஊர் திரும்பியதும் அந்தக் காமிராவைப் பீரோவுக்குள் போட்டுப் பூட்டியவன் நான். கடையில் பழைய காமிராவை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று எடுத்துப் பார்த்தேன். அத்தான், என் கை தட்டினால் அடுத்த நொடி அழுத்தும் என்று சொன்னேன் இல்லையா? ஏரியிலும் அழுத்தியிருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, ஒன்பது. கைக்குழந்தைகள் எப்போது கண்ணை மூடும் என்று சொல்ல முடியாததால் ஒரு அழுத்துக்கு ஒன்பது படம் விழும்படிதான் எப்போதும் வைத்திருப்பேன்.

முதல் ஆறும் கடைசி ஒன்றும், எழும்பிய தண்ணீரும் கலங்கிய சிவப்பும். எட்டாவது கெட்டுப்போனது. ஏழாவதில் மட்டும் உங்கள் நொண்டி தண்ணீருக்கு மேலே ஒரு முழம் எழும்பிக் கழுத்தை நீட்டிப் பறக்கிறது. முகம் அவ்வளவு தெளிவு, இதை ஒட்டி அந்தப் பறவைக்கு விசாவே வாங்கலாம். உங்கள் தங்கைதான், "முகத்த விடுங்க, கால பாருங்க" என்றாள். கால் இரண்டும் பின்னால் நீண்டிருக்கின்றன. வலது காலில் மஞ்சள் வளையம். அதில் 4. பக்கத்தில் 1. மூன்றாவது எண் இருக்கிற இடத்தில் பக்கத்துப் பறவையின் இறக்கை நுனி வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தொழில்காரன் செய்வதைச் செய்தேன். அரைக்கண் மூடியவருக்கு முழுக்கண் வைத்திருக்கிறேன். பனியனோடு வந்தவருக்குக் கோட்டும் டையும் மாட்டியிருக்கிறேன். ஒரு ஏழு போடுவது எனக்குப் பெரிய காரியமா? இறக்கை நுனியை எடுத்துவிட்டு, அந்த ஒன்றின் கோட்டையே மாதிரியாக வைத்து, வளையத்தின் வளைவுக்கு ஏற்பச் சாய்த்து ஒரு ஏழு போட்டிருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. அது நானூற்றுப் பதினேழுதான் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நொண்டுகிற அந்தப் பறவைக்கும் தெரியும். குழுவுக்கு மட்டும் தெரிய வேண்டும். தெரிய வைத்துவிட்டேன்.

பெரிய அட்டையில் அச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். குழுவுக்கு அனுப்புங்கள். வேனில் எனக்கு முன் சீட்டு மறுபடி கிடைக்குமா என்பதை மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மைத்துனன்


பிப்ரவரி 4

மாப்பிள்ளைக்கு,

அட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழிக்கலாம் என்று எடுத்தேன். உன் அக்கா பிடுங்கிவிட்டாள்.

நான் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவன். முப்பத்தோரு வருஷம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தெருவில் பதினான்கு வீடு பூட்டிக்கிடந்தது. கூட வந்த மூத்தவர், "போன மாசத்த பாத்து குத்துமதிப்பா ஒரு நம்பர போடுப்பா. அவங்க எவ்வளவு குளிச்சாங்கன்னு நமக்கென்ன தெரியாதா" என்றார். நான் பதினான்கு வீட்டுக்கும் 'பூட்டு' என்று எழுதினேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குப் பூட்டு என்றே பெயர். "பூட்டு வந்தாச்சா, பூட்டு சாப்பிடப் போயாச்சா" என்றுதான் கேட்பார்கள். உன் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது உன் அப்பா விசாரித்ததில் இந்தப் பெயர்தான் முதலில் கிடைத்தது. பயந்துபோனார்.

அந்தப் பெயருக்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. பார்த்தால் எழுதுவேன். பார்க்காவிட்டால் பூட்டு.

நீ போட்ட ஏழு மிக நன்றாக வந்திருக்கிறதாம். உன் அக்கா சொன்னாள். நானும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, விளக்கின் கீழ் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் தெரிந்தது. உன் அக்கா நாலு, ஒண்ணு, ஏழு என்று விரல் வைத்துக் காட்டினாள். எங்கே வைத்தாள் என்று தெரிந்தது.

அந்தப் பக்கம் மூடப்படட்டும். பொய்யால் திறந்திருப்பதைவிட மேல்.

இப்படிக்கு,
அத்தான்


பிப்ரவரி 9

அத்தான்,

இந்தக் கடிதத்தில் சிரிப்பு வராது. அக்காவிடம் கொடுக்காதீர்கள் என்று எழுத வந்தேன். பிறகுதான் உறைத்தது, அவள் படிக்காவிட்டால் நீங்கள் எப்படிப் படிப்பீர்கள்?

உங்கள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தை அக்கா படித்தாள். அட்டையை அக்கா பார்த்தாள். உங்கள் எழுத்து கோடு போட்ட தாளிலேயே கோட்டை விட்டு இறங்குகிறது, ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு. பத்தொன்பது வருஷமாகத் தொடவிடாத லென்ஸை என் கையில் ஏன் கொடுத்தீர்கள் என்பதற்கும் இப்போது காரணம் தெரிகிறது. என் திறமையைப் பார்த்துக் கொடுத்தீர்கள் என்று ஒரு மாதமாக வீட்டில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்ல மூன்று நாள் யோசித்தேன்.

அக்டோபரில் அலுவலக அடையாள அட்டைக்குப் படம் எடுக்கக் கடைக்கு வந்தீர்கள். "நிமிர்ந்து இங்க பாருங்க" என்றதும், "எங்க?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். கம்ப்யூட்டரில் போட்டபோது உங்கள் வலது கருமணியில் ஒரு வெளுப்பு. இடதில் கொஞ்சம். விளக்கின் பளபளப்பு என்று நினைத்துக் கறுப்பு வைத்து அடைத்தேன். மூன்று நொடி வேலை. உங்களை உட்காரவைத்து முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டுப் பார்த்த ஒரே ஆள் நான்தான். என் கண் முன்னால் தெரிந்த நோயைத் துடைத்து, "ஹீரோ மாதிரி இருக்கீங்க அத்தான்" என்று கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பியவனும் நான்தான்.

கை வைக்காத மூலப்படம் கம்ப்யூட்டரில் இருந்தது. பெரிதாக அச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். அக்கா, இதை நீ படிக்கிறாய் என்று தெரியும். படத்தை நீ பார். பார்த்துவிட்டு அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போ. இது கண்புரைதான், எங்கள் தெருவில் பாதிப் பேர் அறுவை செய்துகொண்டு வந்து சின்னத்திரை பார்க்கிறார்கள்.

அந்த ஏழைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. அட்டையை நானே கிழித்துவிட்டேன்.

மைத்துனன்


பிப்ரவரி 13

மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா படத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "கிளம்புங்க" என்றாள். டாக்டர் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் எப்படி ரோட்டைக் கடந்தீர்கள் என்று கேட்டார். பழக்கம் என்றேன். வலது கண்ணுக்கு 18-ஆம் தேதி. இடது கண் பிறகு.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். உன் அக்கா சமையலறையில் இருக்கிறாள். இதை நானே எழுதி நானே ஒட்டுகிறேன். எழுத்து இறங்கினால் பொறுத்துக்கொள்.

இரண்டடி என்று எழுதினேன். அது பொய். பறவை அந்த இரண்டடியை எப்போதோ வைத்துவிட்டது. முட்டிவரை வெளியே வந்து, வளையத்தைக் காட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றது. பத்து நிமிஷமும் தொலைநோக்கியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நொண்டல் தெரிந்தது. மஞ்சள் தெரிந்தது. எண் தெரியவில்லை. கண்ணைக் கசக்கினேன், துடைத்தேன், குமிழைத் திருகினேன். எண் வரவில்லை. பக்கத்தில் நீங்கள் நாலு பேரும் என் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது நீ தட்டினாய்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்துக்கு முன்னால் ஒரு நிம்மதி வந்தது. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டான். வேனில் நான் கத்தியதெல்லாம் அந்த நிம்மதிதான்.

நாலு மாதமாக மீட்டரை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு வருகிறேன். சாயங்காலம் உன் அக்கா பெரிதாக்கிப் படித்துச் சொல்கிறாள், நான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு எண்ணும் தப்பில்லை. அவள் கெட்டிக்காரி. ஆனால் நான் பார்க்காத எண்கள். அந்த மூத்தவரைப் பதினான்கு வீட்டுக்காக முப்பத்தோரு வருஷம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவன், மாதம் அறுநூறு வீட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்குப் பொய் என்று எழுதிய கையால்தான் அதையும் எழுதினேன்.

நேற்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். கண் சரியாகும்வரை கிடங்கில் குழாய் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். குழாய் தடவினாலே தெரியும்.

இப்படிக்கு,
அத்தான்


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

அறுவை நல்லபடியாக முடிந்ததாம். டாக்டர், "ஆடாம இருங்க" என்றதற்கு நீங்கள், "எத்தனை நிமிஷம்?" என்று கேட்டீர்களாம். உங்கள் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். தட்டு வைக்கிற சத்தமும் குறைந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. ஆனால் ஒன்று, என்னைத் திட்டியதில் உங்களுக்கு நிம்மதி வந்தது என்று தெரிந்தபிறகு எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. ஒரு மனிதன் இதற்காவது பயன்பட வேண்டாமா?

செய்திக்கு வருகிறேன். எட்டாவது படம் கெட்டுப்போனது என்று எழுதியிருந்தேன். நேற்று மகள் என் தோள்வழியாகப் பார்த்துக்கொண்டே, "அது ஏன்பா கெட்டுப்போச்சு?" என்றாள்.

"தலை இல்லம்மா" என்றேன். உண்மைதான். ஏழாவது படத்துக்குப் பிறகு பறவை காமிராவைவிட வேகமாகப் போய்விட்டது. எட்டாவதில் தலையும் கழுத்தும் வெளியே போய்விட்டன. வெறும் வால், இரண்டு கால்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்பா, தல யாருக்கு வேணும்?"

முப்பது வருஷத் தொழில் அத்தான். தலை இல்லாத படத்தை என் கண் படம் என்றே ஒப்புக்கொள்ளாது. கழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. அன்று ஏரியிலும் அப்படித்தான். பத்து நிமிஷம் வெளியே நின்ற காலை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், நீங்கள் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தீர்கள், அது பாவம் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

எட்டாவதில் இறக்கை நுனி விலகிவிட்டது. மூன்று எண்ணும் தெரிகிறது. என்ன எண் என்று சொல்லமாட்டேன். மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். உங்கள் தங்கை கேட்டுப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், இன்று காலை நல்லபடியாகவும் பேசிப் பார்த்தாள். சொல்லவில்லை. அக்காவும் திறக்கக்கூடாது, அதனால்தான் 'அத்தான் மட்டும்' என்று உறைமேலேயே எழுதி அரக்கு வைத்திருக்கிறேன். என் விரலிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டேன், கொப்புளம்.

உள்ளே எட்டாவது படத்தின் அச்சு இருக்கிறது. காமிராவிலிருந்து கழற்றிய சிப்பும் இருக்கிறது, நான் படம் வரைகிறவன் என்பது நிரூபணமாகிவிட்டதால். புதுக் கண்ணால் நீங்களே பாருங்கள். தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் பூட்டு.

28-க்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

அன்புடன்,
மைத்துனன்


மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

இந்த முறை எழுத்து கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, கவனித்தாயா?

உறையை 24-ஆம் தேதி காலை திறந்தேன். அதுவரை படிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரக்கை உடைக்க உன் அக்கா கத்தியோடு நின்றாள். படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். முதலில் எண்ணைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன். அதில் இவ்வளவு சிவப்பு இருக்கிறது என்பதை மறந்துபோயிருந்தேன். தண்ணீர் சொட்டு ஒன்று நகத்திலிருந்து பிரிந்து தனியாக நிற்கிறது. அதையும் பார்த்தேன்.

பிறகு எண்ணைப் பார்த்தேன். 417.

நீ போட்ட ஏழு சரியான ஏழுதான். இதே சாய்வு. ஆனாலும் அது பொய், இது உண்மை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உன் அக்காவுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். "ரெண்டும் ஏழுதானே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே படத்தையும் சிப்பையும் குழுவுக்கு அனுப்பினேன். விண்ணப்பத்தில் 'பார்த்தவர்' என்று ஓர் இடம் உண்டு. அதில் உன்னைத்தான் எழுதினேன். பறவை நின்றபோது எண்ணை நான் பார்க்கவில்லை, ஆகவே என்னை எழுத முடியாது. நீயும் பார்க்கவில்லை, ஆனால் உன் காமிரா பார்த்தது. அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே, 'எந்த முறையில் எண் அறியப்பட்டது' என்று ஒரு கட்டம். அங்கே பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அமைதியாகக் காத்திருந்து என்று எழுதியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். 'கைதட்டிப் பறக்கவிட்டு' என்று எழுதினேன்.

நேற்று குழுச் செயலாளர் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. இரண்டு பத்தி. முதல் பத்தி: நானூற்றுப் பதினேழின் பக்கம் திறந்திருக்கிறது, பத்தொன்பது வயதில் நல்ல உடல்நிலை, நன்றி. இரண்டாம் பத்தி உன்னைப் பற்றி. ஓய்வெடுக்கும் கூட்டத்தை எழுப்பியது கடுமையான குற்றம், ஆகவே அடுத்த குளிர்காலம் முழுக்க நீ மரக்குடிலுக்குள் நுழையக்கூடாது. கைகளைக் கட்டிக்கொண்டுகூட நுழையக்கூடாது என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார். அவரிடம் உன்னைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

ஆகவே அடுத்த வருஷம் நீ வேனில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். முன் சீட்டிலேயே உட்காரலாம். எண்ணைப் படித்துவிட்டு நானும் வந்து துணைக்கு உட்காருகிறேன். ஒரு மணி நேரம். அதற்கு மேல் உன் பேச்சை யாராலும் கேட்க முடியாது.

அடையாள அட்டைக்குப் புதுப் படம் வேண்டும். பழையதில் இருப்பது நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு வருகிறேன். எதையும் அடைக்காதே, எதையும் எடுக்காதே. நீ தட்டும்போது நிமிர்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான்